பிரபு பட்டம் வேண்டாம் என்று சண்டை போட்ட எம்.பி.: டோனி பென் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் அரசியல் பேச்சு வந்தால் டோனி பென் பெயரை எப்படியாவது இழுத்துவிடுவது என் வழக்கம். உடனே நண்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

யார் இந்த டோனி பென்?

லேபர் கட்சிக்காரர். 1950 முதல் 2001 வரை, நடுவில் இரண்டு இடைவெளிகளோடு, சுமார் 47 ஆண்டுகள் பிரிட்டனின் காமன்ஸ் சபையில் உறுப்பினராக இருந்தவர். 17 முறை தேர்தலில் நின்று 16 முறை ஜெயித்தார். அந்த 16-இல் ஒரு வெற்றியை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அது ஏன் என்பதுதான் இவர் கதையிலேயே சுவாரசியமான பகுதி, கீழே வருகிறது. நான்கு துறைகளில் அமைச்சராக இருந்திருக்கிறார், பிரதமர் ஆகவில்லை, கட்சித் தலைவராகவும் ஆகவில்லை. 1925 ஏப்ரல் 3 அன்று லண்டனில் பிறந்து, 2014 மார்ச் 14 அன்று 88 வயதில் இறந்தார்.

அரசியல் குடும்பமா?

சாதாரண அரசியல் குடும்பம் இல்லை. அப்பா எம்.பி., அப்பாவின் அப்பா எம்.பி., அம்மாவின் அப்பாவும் எம்.பி. அம்மா மார்கரெட் இறையியல் படித்தவர். பெண்களும் பாதிரியார் ஆகலாம் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். பைபிளில் அரசர்கள் கதையும் வருகிறது, அரசர்களைத் தட்டிக்கேட்ட தீர்க்கதரிசிகள் கதையும் வருகிறது, நீ தீர்க்கதரிசிகள் பக்கம் நில் என்று அம்மா சொல்லி வளர்த்ததாகப் பென் மேடைகளில் அடிக்கடி சொல்வார். இவர் கூட்டத்துக்கு நான்கைந்து முறை போனவர்களுக்கு அது மனப்பாடமாகியிருக்கும்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நெருக்கமான தொடர்பு. இவர் அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சர். டெல்லியில் வைஸ்ராய் யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ, லண்டனில் இருந்த அந்த ஆள். உப்புச் சத்தியாகிரகம் அவர் பதவியில் இருந்தபோது நடந்ததுதான். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், தொண்டர்கள் தடியடி வாங்கியதும், சிறை நிரம்பியதும் அவர் காலத்தில்தான். நல்ல மனிதர், தாராளவாதி என்றெல்லாம் பெயரெடுத்தவர் அந்த நாற்காலியில் இருந்தபோது இதெல்லாம் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் போனார். அப்போது ஆறு வயதுப் பையனாக இருந்த பென், காந்தியை நேரில் சந்தித்திருக்கிறார். அந்த நினைவைக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் முறை எம்.பி. ஆனது எப்படி?

1950 நவம்பர் 30 அன்று பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில். அந்தத் தொகுதியை அதுவரை வைத்திருந்தவர் யார் தெரியுமா? சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். 1942-இல் இந்தியா வந்து வெறுங்கையோடு திரும்பிய கிரிப்ஸ் தூதுக்குழு என்று பள்ளியில் படித்தோமே, அதே கிரிப்ஸ். உடல்நலம் கெட்டு அவர் விலகியதும், 25 வயதுப் பென்னுக்கு சீட் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவர், போர்க்காலத்தில் விமானப்படையில் பைலட் பயிற்சி, கணீரென்ற பேச்சு. எல்லாம் சுலபமாக அமைந்த மாதிரிதான் தெரிந்தது.

அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. போர் நடுவே 1942-இல் இவர் அப்பாவுக்கு ‘விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட்’ என்ற பிரபு பட்டம் கொடுத்தார்கள். பிரபுக்கள் சபையில் லேபர் கட்சிக்கு ஆள் போதவில்லை. அதற்காகக் கொடுத்த பட்டம். இது பரம்பரைப் பட்டம். அப்பா போனால் மூத்த மகனுக்கு வரும், வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பட்டம் வந்துவிட்டால் அந்த ஆள் பிரபுக்கள் சபைக்காரர்; மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் உட்காரக்கூடாது.

பட்டத்தை ஏற்பதற்கு முன் அப்பா மூத்த மகன் மைக்கேலிடம் கேட்டார். மைக்கேல் பாதிரியாராகப் போகும் எண்ணத்தில் இருந்தவர், தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார். இளையவனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. ஆனால் 1944 ஜூனில் விமானப்படையில் இருந்த மைக்கேல் இறந்துபோனார். அண்ணனை இழந்த துக்கத்தோடு பட்டத்தின் வாரிசு என்ற சுமையும் தம்பி தலையில் விழுந்தது.

பென் சும்மா இருக்கவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே, 1950-களில், பட்டத்தைத் துறக்கச் சட்டப்படி வழி தேடினார். அப்பாவும் மகன் பக்கம்தான். எதுவும் நடக்கவில்லை. 1960 நவம்பர் 17 அன்று அப்பா இறந்தார். அந்த நிமிடமே மகன் பிரபு. காமன்ஸ் சபைக் கதவு மூடிவிட்டது. சம்பளமும் நின்றது.

ஜெயித்த பிறகும் உள்ளே விடவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தொகுதி காலியானதும் 1961 மே 4 அன்று இடைத்தேர்தல் வந்தது. தகுதி இல்லை என்று தெரிந்தும் பென் அதே தொகுதியில் நின்றார். தொகுதி மக்களுக்கும் விஷயம் தெரியும், தெரிந்தேதான் ஓட்டுப் போட்டார்கள். 13,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்; முந்தைய பொதுத்தேர்தலைவிடப் பெரிய வெற்றி. எதிர்முகாமான கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சிலே இந்த விஷயத்தில் பென்னுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்.

ஜெயித்த கையோடு சபைக்குப் போனார். வாசலில் காவலர் நிறுத்தினார். உள்ளே போனால் பலவந்தமாகத் தடுப்பீர்களா என்று பென் கேட்க, ஆமாம் ஐயா, தடுக்கத்தான் வேண்டும் என்று அவர் மரியாதையாகவே சொன்னார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு வந்த உத்தரவு அது. முறைப்படி ஓட்டு வாங்கி வந்தவர் வெளியே நின்றார்.

தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர் தேர்தல் வழக்குப் போட்டார். பென் தன் வழக்கைத் தானே வாதாடினார், நாட்கணக்கில். தீர்ப்பு எதிராக வந்தது. பென்னுக்குத் தகுதியில்லை என்று வாக்காளர்களுக்கு முன்கூட்டியே தெரியும், ஆகவே அவர்கள் போட்டது வீணான ஓட்டு, இரண்டாவது வந்தவரே எம்.பி. என்றது நீதிமன்றம். தெரிந்தே போட்டார்கள் என்பது மக்கள் பக்கத்து வாதம். நீதிமன்றம் அதையே அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: எம்.பி. ஆக்கப்பட்ட செயின்ட் கிளேரும் தன் உறவினர் ஒருவரின் பிரபு பட்டத்துக்கு அடுத்த வாரிசு வரிசையில் இருந்தவர்தான்.

கடைசியில் எப்படித் திரும்பி வந்தார்?

சட்டத்தை மாற்றித்தான். விஷயம் நாடு முழுக்கக் கேலிக்கூத்தாகிவிட்டதால், கன்சர்வேட்டிவ் அரசே பரம்பரைப் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. 1963 ஜூலை 31 மாலை ஆறு மணி வாக்கில் அரச ஒப்புதல் கிடைத்தது. 6.22-க்குப் பென் துறவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாட்டில் பட்டத்தைத் துறந்த முதல் ஆள் அவர்தான்.

செயின்ட் கிளேர் நியாயமாக நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சட்டம் மாறினால் விலகுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், அப்படியே விலகினார். பிரிட்டனில் எம்.பி. நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. பெயருக்கு ஒரு அரசுப் பதவியை ஏற்றுக்கொண்டு அதனால் தகுதி இழக்க வேண்டும், அதுதான் முறை. அவரும் அப்படி ஒரு பண்ணை மேற்பார்வையாளர் பதவியை ஏற்றுக்கொண்டு வெளியேறினார். அங்கே மேற்பார்க்கப் பண்ணை எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் பென் ஜெயித்து உள்ளே போனார்.

அந்தச் சட்டத்தால் வேறு யாருக்கு லாபம்?

கன்சர்வேட்டிவ் கட்சிக்கு! பிரதமர் மேக்மில்லன் 1963 அக்டோபரில் விலகியதும் வாரிசாக வந்தவர் ஹோம் பிரபு. பிரபுவாக இருந்துகொண்டு பிரதமர் வேலை பார்ப்பது சரிப்படாது என்பதால், மூன்று மாதத்துக்கு முன் பென் உருவாக்கிக் கொடுத்த வழியிலேயே பட்டத்தைத் துறந்து, சர் அலெக் டக்ளஸ்-ஹோம் ஆகிக் காமன்ஸுக்கு வந்தார். லேபர்காரர் மூன்று வருடம் போட்ட சண்டையின் முதல் பெரிய பலன் எதிர்முகாமின் பிரதமருக்கு. பெண்களுக்கும் அதில் ஒரு நன்மை இருந்தது: தம் சொந்த உரிமையில் பரம்பரைப் பட்டம் வைத்திருந்த பெண்கள் முதன்முறையாகப் பிரபுக்கள் சபையில் உட்கார இதே சட்டம்தான் இடம் கொடுத்தது.

சபைக்கு வெளியே இருந்த காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

பேசினார், எழுதினார், தொகுதியை விட்டுப் போகாமல் இருந்தார். 1963-இல் பிரிஸ்டல் நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய இளைஞர்கள் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கினார்கள். பென் பகிரங்கமாக அவர்கள் பக்கம் நின்று, சைக்கிள் தேடிப் பிடித்தாவது போவேன், பேருந்தில் ஏறமாட்டேன் என்றார். இத்தனைக்கும் தடைக்கு ஆதரவாக நின்றவர்களில் அவருடைய சொந்த இயக்கமான தொழிற்சங்கத்துக்காரர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்த, வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

அமைச்சராக என்ன சாதித்தார்?

நிறைய. ஆனால் பட்டியல் போடப் போவதில்லை, எனக்குப் பிடித்த இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1964-இல் ஹெரால்டு வில்சன் அரசில் அஞ்சல்துறை அமைச்சர். பிரிட்டிஷ் தபால்தலைகளில் ராணியின் தலை கட்டாயம் இருக்கும், பெரிதாகவும் இருக்கும். அதனால் புதுமையாக எதையும் வரைய இடமே இல்லை என்று ஓவியர் டேவிட் ஜென்டில்மேன் குறைபட்டார். தலையே இல்லாமல் வரைந்தால் என்ன என்று பென்னுக்குத் தோன்றியது. 1965 மார்ச்சில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கே போய்விட்டார். ராணி முன்னால் கம்பளத் தரையில் மண்டி போட்டு, ஒவ்வொரு வடிவமாக விரித்துக் காட்டினார். முடியாட்சி பிடிக்காத அமைச்சர், ராணியிடமே அவர் தலையை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். அவரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சம்மதம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் பென் சந்தோஷமாகத் திரும்பினார். அரண்மனை நேரடியாக மறுக்கவே இல்லை, அதிகாரிகள் வழியாக மெல்ல மெல்ல விஷயத்தை முடித்துவிட்டது. கடைசியில் ஏற்பட்ட சமரசம்: மூலையில் சின்னதாக ராணியின் நிழலுருவம். பிரிட்டிஷ் சிறப்புத் தபால்தலைகளில் பல ஆண்டுகள் நாம் பார்த்த அந்தக் குட்டித் தலை இப்படி வந்ததுதான்.

இன்னொன்று கான்கார்டு. ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்த விமானத்தைப் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்தன. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஓர் ‘இ’ வேண்டுமா கூடாதா என்று இரு நாட்டுக்கும் இடையே மனஸ்தாபம். 1967-இல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த பென், ‘இ’ இருக்கட்டும், அது எக்ஸலன்ஸுக்கு, இங்கிலாந்துக்கு, யூரோப்புக்கு என்று ஆங்கில எழுத்தை வைத்து அடுக்கினார். விமானத்தின் ஒரு பகுதி ஸ்காட்லாந்தில் செய்யப்படுகிறது, அங்கே இங்கிலாந்தா என்று ஒருவர் கோபமாகக் கடிதம் எழுத, பிரெஞ்சில் ஸ்காட்லாந்தை ‘எகோஸ்’ என்பார்கள், அதற்கும் அதே எழுத்துதான் என்று பதில் போட்டார். கான்கார்டு மேல் இவருக்கு இருந்த பாசத்துக்குத் தொகுதிக் காரணமும் உண்டு. அதன் பிரிட்டிஷ் தொழிற்சாலை பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் இருந்தது.

1970-களில் தொழில்துறை, பிறகு எரிசக்தி. மூடப்படவிருந்த ஆலைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளாக நடத்தப் பணம் கொடுத்தார். மெரிடன் மோட்டார் சைக்கிள் ஆலை அதில் தெரிந்த பெயர். எதுவும் நெடுநாள் ஓடவில்லை. அணுமின் நிலையங்களை ஆதரித்த அமைச்சர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் அதற்கு நேரெதிராகப் பேசினார். மனம் மாறினேன் என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டது அவருடைய நல்ல குணம். பதவியில் இருக்கும்போதே மாறியிருக்கலாமே என்று கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது.

முழுப்பெயர் வேறு என்கிறார்களே?

ஆண்டனி நீல் வெட்ஜ்வுட் பென். 1973-இல் வானொலியில், இனி நான் டோனி பென் என்று சொல்லிவிட்டார். பெரிய வீட்டுப் பிள்ளை தொழிலாளி வேஷம் போடுகிறான் என்று பத்திரிகைகள் பல வருடம் கிண்டலடித்தன.

ஐரோப்பாவை எதிர்த்தவர்தானே?

ஆம், ஆனால் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவர் வருவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஐரோப்பியச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) பெயரில் பிரஸ்ஸல்ஸில் சட்டம் போடுபவர்களை நம் ஓட்டால் நீக்க முடியுமா என்பதே அவர் கேள்வி. அதில் நீடிப்பதா என்று பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என லேபர் கட்சிக்குள் முதலில் வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் அவர். கேட்டபடி 1975 ஜூனில் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்கலாம் என்றார்கள், பென் தோற்றார். சில நாட்களில் வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து எரிசக்திக்கு மாற்றி, எரிசக்தியில் இருந்த எரிக் வார்லியைத் தொழில்துறைக்குக் கொண்டுவந்தார். வார்லி பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

லேபர் கட்சியைக் கெடுத்ததே இவர்தான் என்று சிலர் சொல்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் 1981-ஐ மனதில் வைத்துச் சொல்கிறார்கள். 1979-இல் தாட்சரிடம் லேபர் தோற்றது. சொந்த அரசே தேர்தல் வாக்குறுதிகளைக் கைவிட்டதுதான் காரணம் என்பது பென்னின் முடிவு. எம்.பி.க்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் தொகுதிக் கட்சியினரிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், தலைவரை எம்.பி.க்கள் மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று இவர் தரப்பு போராடி ஜெயித்தது. வெறுத்துப்போன நான்கு மூத்த தலைவர்கள் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார்கள்.

அந்தச் சூட்டோடு பென் கட்சித் துணைத்தலைவர் பதவிக்கு, முன்னாள் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலியை எதிர்த்து நின்றார். எல்லோரும் கெஞ்சினார்கள், நிற்காதே என்று. நின்றார். செப்டம்பர் 27 அன்று பிரைட்டனில் முடிவு வந்தது: ஹீலி 50.4 சதவீதம், பென் 49.6. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. துணைத்தலைவர் பதவிக்காக ஒரு கட்சி மாதக்கணக்கில் ஊரறியச் சண்டை போட்டது, 1983-இல் படுதோல்வி.

என் கருத்தைக் கேட்டால்: கோரிக்கைகளில் நியாயம் இருந்தது, நேரம் தப்பு. எம்.பி. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வாசலில் நிறுத்தப்பட்ட ஆளுக்கு வரவேண்டிய கேள்விதான். ஆனால் எதிரே தாட்சர் இருக்கும்போது வீட்டுக்குள் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்சி பிளந்ததற்கு வெளியேறியவர்களுக்கு இல்லாத பொறுப்பை இவர் ஒருவர் தலையில் கட்டுவதும் அநியாயம்.

1983-இல் தோற்றது எப்படி?

எல்லை மறுவரையறையில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியே காணாமல் போனது. பத்திரமான தொகுதி தேடி வேறு ஊருக்குப் போகச் சொன்னார்கள். முப்பது வருடம் என்னை அனுப்பிய ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று பிரிஸ்டல் கிழக்கில் நின்று தோற்றார். அதற்கு விலை பெரிது. அதே நேரம் கட்சித் தலைவர் மைக்கேல் ஃபூட் விலகினார். எம்.பி. இல்லாதவர் தலைவர் தேர்தலில் நிற்க முடியாது. நீல் கின்னக் தலைவரானார்.

சில மாதங்களில் செஸ்டர்ஃபீல்டு தொகுதி காலியானது. சுரங்கத் தொழிலாளர் ஊர். விலகியவர் யார்? அதே எரிக் வார்லி. 1975-இல் துறையை மாற்றிக்கொண்டவர், 1984-இல் தொகுதியையும் கொடுத்துவிட்டுப் போனார். 17 வேட்பாளர்கள் நின்ற அந்த இடைத்தேர்தலில் மார்ச் 1 அன்று பென் ஜெயித்தார். சில நாட்களில் சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டுப் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது, அவர்களோடே நின்றார்.

இவ்வளவு காலம் இருந்தும் ‘சபையின் தந்தை’ ஆகவில்லையே?

அந்தப் பட்டம் இடைவிடாமல் நீண்ட காலம் இருந்தவருக்குத்தான். 1983 தோல்வியோடு இவர் கணக்கு அறுந்து, 1984-இலிருந்து புதுக்கணக்கு. கடைசிக் காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர் முன்னாள் பிரதமர் எட்வர்டு ஹீத்.

அவர் அடிக்கடி சொன்ன ஐந்து கேள்விகள் என்ன?

அதிகாரத்தில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள் என்பார். உங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது? யார் நன்மைக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள்? யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? உங்களை நாங்கள் எப்படி நீக்குவது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அங்கே ஜனநாயகம் இல்லை என்பது அவர் கணக்கு. 2001 மார்ச்சில் சபையில் பேசிய விடைபெறும் உரையிலும் இவற்றைச் சொன்னார். படித்ததும் கொஞ்சம் எளிமையாகத் தெரியும். உங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

டைரி எழுதினார் என்று கேள்விப்பட்டேன். பெரியதா?

மிகப் பெரியது. இளமையில் தொடங்கி எண்பதைத் தாண்டியும் விடவில்லை. பிற்காலத்தில் எழுதுவதைவிட ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்வதே வழக்கமானது. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் அன்றைய கதையைச் சொல்லிவிட்டுத்தான் தூக்கம். 1987 முதல் பல தொகுதிகளாக வெளிவந்தன. அமைச்சரவைக் கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதால், கட்சிக்குள் பலருக்கு அவர் அருகில் வாய் திறக்கவே பயம்.

கூடவே இன்னும் இரண்டு: வாயில் பைப், கையில் டீ. மதுவைத் தொட்டதில்லை, நடுவயதில் சைவத்துக்கு மாறினார். டீயை மட்டும் குறைத்ததே இல்லை. பெரிய மக்கில், நாள் முழுக்க.

குடும்பம்?

மனைவி கரோலின் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்தவர், கல்வியாளர். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்து ஒன்பதாம் நாள் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பென் கேட்டார். பிற்பாடு அந்த பெஞ்சையே நகராட்சியிடம் விலைக்கு வாங்கி லண்டன் வீட்டுத் தோட்டத்தில் போட்டுவிட்டார். கரோலின் 2000 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு பென் தேர்தலில் நிற்கவில்லை. அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்குவதற்காக நாடாளுமன்றத்தை விட்டுப் போகிறேன் என்று அவர் சொன்ன புகழ்பெற்ற வாக்கியம், கரோலின் எடுத்துக் கொடுத்தது.

நான்கு பிள்ளைகள். இரண்டாமவர் ஹிலாரி பென் (ஆண்தான்) எம்.பி.யாகி அமைச்சரும் ஆனவர். மூத்தவர் ஸ்டீபன் கதைதான் விசேஷம். துறந்த பட்டம் துறந்தவரோடு சரி, அவர் வாழ்நாளுக்கு மட்டும்தான். அவர் இறந்ததும் மூத்த மகனிடம் உயிர்பெற்று வந்துவிடும். அப்படி ஸ்டீபன் மூன்றாவது விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட் ஆனார். 2021-இல் பரம்பரைப் பிரபுக்களுக்கென்று இருந்த இடைத்தேர்தல் வழியாக, எதிர்த்து யாரும் நிற்காமல், லேபர் பிரபுவாகச் சபைக்குள்ளும் போய்விட்டார். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே டைரியில் பதிவு செய்திருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு?

ஓய்வா? ஈராக் போருக்கு முன் 2003 பிப்ரவரியில் பாக்தாத் போய் சதாம் ஹுசேனைப் பேட்டி எடுத்தார். கேள்விகள் மிருதுவாக இருந்தன என்று பலரும் திட்டினார்கள். பேட்டியைப் பார்த்தால் அந்தத் திட்டு நியாயம்தான். அதே மாதம் லண்டனில் லட்சக்கணக்கானோர் திரண்ட போர் எதிர்ப்புப் பேரணியில் பேசினார்.

போர் எதிர்ப்பு அவருக்குத் திடீரென்று வந்ததல்ல. 1998-இல் ஈராக்கைக் குண்டு வீசித் தாக்குவது பற்றிய விவாதத்தில், 1940-இல் லண்டன்மேல் குண்டு விழுந்தபோது துறைமுகம் எரிந்ததைச் சிறுவனாகப் பார்த்ததைச் சொன்னார். நாங்கள் பயந்தோமே, அரபுக்காரர்கள் பயப்படமாட்டார்களா, பிள்ளையைப் பறிகொடுத்தால் ஈராக்கியத் தாய் அழமாட்டாளா என்று கேட்டார். சபை கப்சிப்.

2009 ஜனவரியில் காசாவுக்கான நிதி வேண்டுகோளை ஒளிபரப்ப பிபிசி மறுத்தது. பென் அதே பிபிசிக்குப் பேட்டி கொடுக்கப் போனார். நேரலையில் கேள்விக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று, பணம் அனுப்ப வேண்டிய முகவரியை நிதானமாக வாசித்தார். நெறியாளர் இடைமறிக்கப் பார்த்தார். மறுபடி ஒருமுறை வாசித்தார்.

துடைப்பம் வைக்கும் அறையில் பலகை மாட்டினார் என்பது நிஜமா?

நிஜம். எமிலி வைல்டிங் டேவிசன் என்ற பெண் வாக்குரிமைப் போராளி, 1911 ஏப்ரல் 2 அன்று இரவு, நாடாளுமன்றக் கட்டடத்தில் நிலவறைபோலக் கீழே இருக்கும் தேவாலயத்தின் துடைப்ப அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஓட்டுரிமை இல்லாத பெண், தன் முகவரி காமன்ஸ் சபை என்று பதிய வைப்பதற்காகச் செய்த வேலை. இரண்டு வருடம் கழித்து, குதிரைப் பந்தயத்தில் மன்னரின் குதிரை மோதி இறந்தவரும் அவர்தான்.

இப்படி ஒரு சம்பவம் நடந்த இடத்தில் ஓர் அடையாளம்கூட இல்லையே என்று பென்னுக்கு ஆதங்கம். 1991-இல் ஒரு பலகை செய்து எடுத்துவந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஸ்க்ரூடிரைவரோடு போய்த் தானே அந்த அலமாரிக் கதவுக்குப் பின்னால் திருகி மாட்டினார். கூட உதவிக்கு, பின்னாளில் லேபர் கட்சித் தலைவரான ஜெரமி கார்பின். இப்படி இன்னும் சில பலகைகளும் மாட்டியிருக்கிறேன் என்று சபையிலேயே சொல்லிவிட்டார். யாரும் கழற்றவில்லை.

2014 மார்ச் 26 அன்று இரவு, இறுதிச் சடங்குக்கு முந்தைய நாள், பென்னின் உடலை வைத்தது அதே தேவாலயத்தில்தான். அதற்கு ராணியின் ஒப்புதல் தேவை, அது கிடைத்தது. சவப்பெட்டி அங்கே இரவு முழுக்க இருந்தது. பலகை மாட்டிய அலமாரி பின்பக்கத்தில், சில அடி தூரத்தில்.